அப்பத்தாவின் வெள்ளி ரூபாயில் பெர்ரி எண்ணிய கதை

அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய மரப்பெட்டியைத் திறந்தோம். துணிகளுக்கு அடியில் ஒரு சுருக்குப் பை. அதற்குள் 27 வெள்ளி ரூபாய். அத்தை எல்லாவற்றையும் பாயில் கொட்டிவிட்டு, "உனக்குத்தானே இதுல ஆசை, நீயே வச்சுக்கப்பா. பூஜை ரூம்ல சாமிக்கு வச்ச அந்த ரெண்ட மட்டும் வித்துராத" என்றார். எனக்கு ஆசை உண்டு, விவரம் தெரியாது.

வருடம் பார்த்துப் பிரித்தேன். 1840 ஒன்பது, 1862 ஏழு, விக்டோரியா எம்பிரஸ் என்று போட்டது ஐந்து, ஏழாம் எட்வர்டு இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மூன்று, ஆறாம் ஜார்ஜ் 1944 ஒன்று. அந்த வாரம் காரியச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. ஒரே மாதிரி காசு ஒன்பதும் ஏழும் இருக்கின்றனவே என்று 1840இல் இரண்டும் 1862இல் இரண்டும் எடுத்துக்கொண்டு ஒரு நகைக்கடைக்குப் போனேன். தராசில் போட்டார்கள், அன்றைய வெள்ளி விலையில் கொஞ்சம் கழித்துக் கணக்குப் போட்டார்கள், பணம் கொடுத்தார்கள். காசைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை. அந்த நாலு காசும் எந்த வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பழைய காசு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: விற்பதாக இருந்தாலும் சரி, யாருக்கும் கொடுப்பதாக இருந்தாலும் சரி, அதற்கு முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். எடையும் எழுதி வையுங்கள்.

மீதி ஏழு 1840களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு காசில் 'விக்டோரியா குயீன்' என்ற எழுத்து ராணியின் தலைக்கு மேலே அறுபடாமல் வளைந்து ஓடுகிறது. பக்கத்துக் காசில் தலை நடுவே புகுந்துவிடுகிறது. 'விக்டோரியா' ஒரு பக்கம், 'குயீன்' மறு பக்கம். ஒரே ராணி, ஒரே வருடம், இரண்டு அச்சு. அதுவரை ஏழு 1840 என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அன்று இரண்டு குவியலாகப் பிரித்தேன். தொடர் எழுத்து இரண்டு, பிரிந்த எழுத்து ஐந்து.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரிந்தால் தேடுவது சுலபமாகிவிடும். 1840 என்று போட்ட ரூபாய் அந்த ஒரு வருடத்தில் அடித்தது அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி பெயரில் அதே வருடத்தை மாற்றாமல் 1862 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்து வந்த 1862 ரூபாயும் அப்படித்தான், 1874 வரை அதே 1862. காசு மாற்றித் தரும் அந்தக் காலத்து சராப்புகள், பழைய வருடம் போட்ட காசு என்றால் தேய்ந்திருக்கும் என்று சொல்லி வட்டம் பிடிப்பார்கள். அதாவது முழு மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார்கள். வருடத்தை மாற்றாமல் நிறுத்திவிட்டால் எது பழசு, எது புதுசு என்று சொல்ல வழியில்லை. ஆனால் இருபது வருடம் அடித்தால் அச்சுகள் தேயும், புதிதாகச் செய்ய வேண்டும். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று இடங்களும் வேறு. சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் வந்ததே அங்கே இருந்த நாணயச் சாலையால்தான். ஆக, வருடம் மாறவில்லை, சின்னச் சின்ன விவரங்கள் மாறின. வருடம் சொல்லாததை அந்த விவரங்கள்தான் சொல்கின்றன.

அதில் முக்கியமானது பெர்ரி. பூப்பக்கத்தில் 'ஒன் ருபீ' என்றும் அதன் கீழே பாரசீக எழுத்திலும் எழுதியிருக்கும். அதைச் சுற்றி ஓர் இலை வளையம். இலைகளுக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாக உருண்டைகள் இருக்கும், அவைதான் பெர்ரி. தொடர் எழுத்து ரூபாயில் 19 அல்லது 20 பெர்ரி. பிரிந்த எழுத்தில் 28, 34, 35 என்று வகைகள் உண்டு. 28 சுலபம், வளையத்தைப் பார்த்தாலே வெறிச்சென்று இருக்கும். 34ம் 35ம்தான் ஆளைக் கொல்லும்.

என்னிடம் இருந்த பிரிந்த எழுத்துக் காசு ஒன்றை எடுத்து எண்ணினேன். 34 வந்தது. மறுபடி எண்ணினேன், 33. மூன்றாவது முறை 35. இரவு பதினோரு மணி வரை இதே வேலை. பிறகுதான் ஒரு முறைக்கு வந்தேன். செல்போனில் நேராக மேலிருந்து படம் எடுத்து, முழுத் தாள் அளவுக்குப் பெரிதாக அச்செடுத்தேன். கீழே வருடம் இருக்கும் இடத்திலிருந்து இடது கிளை தனியாக, வலது கிளை தனியாக, இலைக்கு வெளியே இருப்பதை நீலப் பேனாவிலும் உள்ளே இருப்பதைச் சிவப்பிலும் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். காசையும் லென்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது: வலது கிளையில் ஓர் இடத்தில் காம்பு இருக்கிறது, பெர்ரி இல்லை. அந்த இடம் உயரமான பகுதி, பக்கத்து இலையின் நரம்பும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பெர்ரி அச்சிலேயே இல்லாமல் போகவில்லை, ஆயிரம் கை பட்டுத் தேய்ந்து போயிருக்கிறது. அதையும் சேர்த்தால் 35.

சின்ன வகைகளைப் பார்ப்பதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்தக் காம்புதான். ஒன்று இல்லை என்பதை வைத்து வகை சொல்லும்போது நூறு மடங்கு கவனம் வேண்டும். இல்லாமல் போவதற்குத் தேய்மானமே போதும். 1835 வில்லியம் ரூபாயிலும் இதே பொறிதான். ராஜாவின் உருவம் கழுத்தோடு முடியும் இடத்தில், அதாவது கழுத்து வெட்டில், சிலவற்றில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும், சிலவற்றில் 'ஆர் எஸ்', சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. 'எஃப்' என்பது கல்கத்தா நாணயச் சாலைத் தலைவராக இருந்த ஃபோர்ப்ஸ், 'ஆர் எஸ்' என்பது ராபர்ட் சாண்டர்ஸ். எழுத்தே இல்லாத வகை என்று சொல்லிக் காட்டப்படும் காசுகள் பலவற்றில் கழுத்து வெட்டு முழுக்கத் தேய்ந்திருக்கும். அங்கே எழுத்து இருந்ததா இல்லையா என்று தேய்ந்த காசிடம் கேட்டுப் பயனில்லை. கழுத்து வெட்டின் விளிம்பு கூர்மையாக இருந்து, எழுத்து இல்லாமல் இருந்தால்தான் அது எழுத்தில்லாத வகை. 1840 ராணியின் கழுத்திலும் வில்லியம் வயன் என்ற அச்சுக் கலைஞரின் பெயரைக் குறிக்கும் டபிள்யூ டபிள்யூ உண்டு. அங்கும் இதே கவனம்தான்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குழல் விளக்குக்கு நேர் கீழே வைத்தால் வெள்ளிக் காசு கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை மேசை மட்டத்திலேயே பக்கவாட்டில் பிடியுங்கள். காசை மெதுவாகச் சுழற்றுங்கள். தேய்ந்த எழுத்துகூட நிழல் போட்டு எழுந்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கீறலும் அதிசயமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று, விட்டம் அளக்க ஒரு வெர்னியர். நான் இன்றுவரை இதற்கு மேல் கருவி எதுவும் வாங்கவில்லை.

அடுத்தது 1862. இதில் என் கைக்காசு போனது.

பம்பாய் நாணயச் சாலையில் வருடத்தை 1862 என்றே வைத்துக்கொண்டு, எந்த வருடம் அடித்தது என்பதற்குத் தங்களுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். பூப்பக்கத்தில் வருடத்தின் கீழேயும், சில வகைகளில் மேலே இருக்கும் பூவை ஒட்டியும் சின்னப் புள்ளிகள். சேகரிப்பவர்கள் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று பின்னம் மாதிரி எழுதுவார்கள். இதோடு ராணியின் உடையில் இருக்கும் பூவேலையை வைத்து 'ஏ' தலை, 'பி' தலை என்றும், பின்பக்கப் பூவின் வடிவத்தை வைத்து ஒன்றாம் பின்பக்கம், இரண்டாம் பின்பக்கம் என்றும் பிரிவுகள். தலை, பின்பக்கம், புள்ளி மூன்றையும் சேர்த்தால்தான் ஒரு 1862 ரூபாயின் முழு விலாசம். சில சேர்க்கைகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும், சிலவற்றைப் பார்ப்பதே அபூர்வம்.

இதைப் படித்த வேகத்தில் எங்கே 1862 பார்த்தாலும் புள்ளிதான் தேடினேன். ஒரு கண்காட்சியில் ஒருவர் மேசையில் கீழே மூன்று புள்ளி தெரிந்த ஒரு காசு இருந்தது. அவர் சொன்ன விலை, சாதாரண 1862க்குக் கொடுப்பதைப் போல நாலு மடங்கு. அரங்கத்து வெளிச்சத்தில் லென்ஸில் பார்த்தேன், புள்ளி இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் டார்ச் வெளிச்சத்தில் வைத்ததும் மனசு கனத்துப் போனது. முதல் இரண்டு புள்ளிகளும் ஒரே உயரம், உருண்டை, அடிப்பகுதியில் படிந்த கருமை காசின் தளத்தோடு ஒன்றாக ஓடுகிறது. மூன்றாவது சற்றே சப்பை, வரிசையை விட்டு ஒரு மயிரிழை கீழே, நிறம் லேசாக மஞ்சள். சந்தேகத்தில் காசின் விளிம்பைப் பார்த்தேன். வருடத்துக்கு நேர் கீழே விளிம்பில் இருக்க வேண்டிய கோடுகள் ஓர் இடத்தில் மட்டும் அரம் போட்டுத் தேய்த்ததுபோல் மழுங்கியிருந்தன. சங்கிலியில் கோத்து அணிவதற்காக யாரோ ஒரு காலத்தில் அங்கே வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். பின்னால் வளையத்தை எடுத்துவிட்டார்கள், பற்றாசு ஒரு துளி தளத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் துளிக்குத்தான் நான் மூன்று பங்கு கூடுதல் விலை கொடுத்திருந்தேன். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கும் அது புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் விக்டோரியா ரூபாய் வாங்குபவர்கள் எல்லோரும் விளிம்பை முதலில் பார்க்க வேண்டும். மாலையிலும் ஒட்டியாணத்திலும் சலங்கைப் பட்டையிலும் இந்தக் காசுகளைப் போட்ட வீடுகள் ஏராளம். பற்றவைத்த தடம் இருந்தால் எந்த அபூர்வ வகையாக இருந்தாலும் மதிப்பு சரிந்துவிடும். பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் விளிம்பை லென்ஸால் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

சென்னையில் பழைய காசு வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரிடம் அந்தக் காசைக் காட்டினேன். "ஐயா, இதுல தப்பு எங்கன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன், சரியான்னு பாருங்க" என்றேன். அவர் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, அச்சு குழி, காசு மேடு. அச்சுல கீறல் விழுந்தா காசுல கோடு மேடா வரும். காசுல கீறல் விழுந்தா பள்ளமா வரும். இத முதல்ல மனசுல போட்டுக்கங்க." இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு காசில் வித்தியாசமாக எதைப் பார்த்தாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இது மேடா, பள்ளமா? பள்ளம் என்றால் பெரும்பாலும் காசு வெளியே வந்த பிறகு நடந்தது. யாரோ கீறியது, கீழே விழுந்து நசுங்கியது, சராப்பு நல்ல வெள்ளியா என்று பார்க்கப் போட்ட முத்திரை. மேடு என்றால் இரண்டாவது கேள்வி: இது அச்சைச் செய்தவர் போட்டதா, அச்சு உடைந்து வந்ததா? அச்சில் விரிசல் விட்டால் காசில் ஒழுங்கில்லாத மேட்டுக் கோடு விளிம்பிலிருந்து எழுத்துகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். அதுவும் சுவாரஸ்யமானதுதான், எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது வகை அல்ல, அச்சின் வயது. மூன்றாவது கேள்வி: இதே வித்தியாசம் இன்னொரு காசிலும் இருக்கிறதா? ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இரண்டாவது காசு கிடைத்தால்தான் நம்பிக்கை வரும். இரண்டிலும் தேய்மானம் வேறு, கீறல் வேறு, ஆனால் அந்த விவரம் மட்டும் ஒன்று என்றால் அது அச்சிலிருந்து வந்தது.

எடை விஷயம். 1835க்குப் பிறகு வந்த ரூபாயின் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. வெள்ளி 91.7 சதவீதம், ஆக சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். நன்றாகத் தேய்ந்த காசு 11.3, 11.4 காட்டுவது இயல்பு. ஆனால் எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்து எடை மட்டும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். 1940லிருந்து கதை வேறு: வெள்ளி பாதியாகக் குறைந்தது, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எடை அதே 11.66தான், அதனால் தராசு சொல்லாது. விளிம்பைப் பாருங்கள், 1940 முதல் விளிம்புக் கோடுகளுக்கு நடுவே பாதுகாப்புக்காக ஒரு பள்ளமும் உள்வேலையும் இருக்கும். எங்கள் பையில் இருந்த 1944 அந்த வகை, பின்பக்கத்தில் லாகூர் நாணயச் சாலையின் சின்ன 'எல்' எழுத்தும் உண்டு. 1947 ரூபாய் முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஒட்டுகிறது என்று அதைப் போலி எனத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

1939 ரூபாய் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய வெள்ளித் தரத்தில் கடைசியாக வந்தது அது. வெளியே மிகக் குறைவாகவே கிடைக்கிறது, அதனால்தான் போலியும் அதிகம். 1938இன் கடைசி 8ஐச் செதுக்கி 9 ஆக்குவார்கள். எடையும் வெள்ளியும் விளிம்பும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் காசு அசல். கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளத்தை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மற்ற இடத்தில் இல்லாத மெல்லிய உரசல், எண்ணின் அடிப்பகுதி தளத்தோடு சேரும் இடத்தில் ஒரு தயக்கம், இவைதான் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள். நம்பகமான ஏலத்தில் வந்த அசலின் படத்தைப் பெரிதாக்கி, எண்ணின் வளைவை ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

1911 பன்றி ரூபாயைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. அதன் தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு வந்தது. 1912இல் தும்பிக்கையையும் காதையும் திருத்தினார்கள். எனக்கு இது பிடித்த வகை, ஒரு மில்லிமீட்டர் தும்பிக்கைக்காக ஒரு நாட்டின் காசே மாறியிருக்கிறது. ஆனால் இதில் யானையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை, வருடம் 1911 என்றிருந்தாலே போதும். 1912க்குப் பிந்தைய தேய்ந்த காசிலும் யானை பன்றி மாதிரிதான் தெரியும். என்னிடம் 1918ஐக் கொண்டுவந்து பன்றி ரூபாய் என்றவர்கள் மூன்று பேர்.

மதிப்புக்கு வருவோம். எல்லோரும் கேட்பது இதைத்தான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

வெள்ளி விலை ஒரு தரை. அதற்குக் கீழே எந்த நல்ல ரூபாயும் போகக் கூடாது. அதற்கு மேலே எவ்வளவு என்பது மூன்று விஷயங்களில் நிற்கிறது: அந்த வகை எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது, அதைத் தேடுபவர்கள் எத்தனை பேர், காசு எந்த நிலையில் இருக்கிறது. முதல் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. உலகத்தில் பத்தே பத்து இருக்கும் ஒரு வகையைத் தேடுபவர்கள் ஐந்து பேர் என்றால் விலை ஏறாது. சின்ன வித்தியாசம் நாணய வகைகளைப் பட்டியலிடும் அட்டவணையில் தனி எண்ணோடு ஏறியிருந்தால்தான் பெரும்பாலும் ஆள் தேடுவார்கள். நான் மட்டும் கண்டுபிடித்த வித்தியாசத்துக்கு, இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் வரை, என் சந்தோஷம்தான் விலை. அந்தச் சந்தோஷம் குறைந்ததல்ல, ஆனால் அதை விற்பனைச் சீட்டில் எழுத முடியாது.

நிலை என்பது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். என் கையில் 28 பெர்ரி ரூபாய் ஒன்றும், அதே 28இல் நண்பர் ஒருவருடையதும் இருந்தன. இரண்டிலும் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவரிடம் இரண்டையும் வைத்தேன். நண்பருடையதற்கு அவர் சொன்ன தொகையில் பாதியைத்தான் என்னுடையதற்குச் சொன்னார். காரணம் கேட்டதும் டார்ச்சைச் சாய்த்துக் காட்டினார். என் காசு முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், சிலந்தி வலை மாதிரி. அப்பத்தா வருடா வருடம் ஆயுத பூஜைக்கு விபூதி போட்டு விரலால் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். நானும் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறேன். எங்கள் பையில் பாதிக் காசுகளில் அந்தக் கோடு இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் இனிமேல் செய்யாதீர்கள். விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை, சலவைத்தூள் எதுவுமே வேண்டாம். வெள்ளியில் படியும் கருமை காசுக்குக் கேடு செய்வதில்லை, அது காசின் வயது. அதைத் துடைத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது.

கழுவியே ஆக வேண்டியது ஒன்றுதான்: மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் பல வருடம் இருந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். அது காசை அரிக்கும். சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, காற்றில் உலரவிட்டால் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். பிறகு அமிலமில்லாத காகித உறை, அல்லது மைலார் என்னும் பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை. காசைப் பிடிக்கும்போது விளிம்பில் பிடியுங்கள். நம் ஊர் வியர்வைக்கு விரல் ரேகை வெள்ளியில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

விலை பார்க்கும்போது இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், போன விலையைப் பாருங்கள். எவரும் எதற்கும் ஐந்து லட்சம் என்று போட்டு வைக்கலாம், யாராவது கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் முறையாக நடக்கும் நாணய ஏலங்களின் முடிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அதே வகை, அதே நிலை, கடந்த இரண்டு மூன்று வருடம், குறைந்தது நாலைந்து பதிவு. அதிலும் உச்சத்தில் போன ஒன்றை விட்டுவிடுங்கள், இரண்டு பேர் வீம்புக்கு ஏலம் கேட்டிருப்பார்கள். வாங்கியவர் கொடுத்ததில் ஏலக்காரரின் கழிவும் வரியும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. வியாபாரியிடம் விற்றால் அவருக்கும் லாபம் வேண்டும். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் வருவதுதான் உங்கள் காசின் மதிப்பு. தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பிப் பெட்டியில் சீல் வைப்பது, அந்தச் செலவைப்போல் பல மடங்கு மதிப்புள்ள காசுக்கு மட்டும்தான் கட்டும்.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் என்று வரும் வீடியோக்களைப் பற்றிக் கேட்டு எனக்கு வாரம் ஒரு அழைப்பு வருகிறது. அவை 2012இல் வந்த நினைவு நாணயங்கள், அவ்வளவுதான். ராமர், அனுமார் படத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று எழுதியிருப்பவை கம்பெனி அடித்த காசே அல்ல, பிற்காலத்தில் செய்த வில்லைகள். அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பழைய காசு வாங்குவதாகச் சொல்லி முன்பணமோ வரியோ கட்டச் சொன்னால் அது மோசடி. ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படி நடப்பதாக 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை உங்கள் விருப்பத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் சின்ன வகை தேட நினைப்பவர்களுக்கு வருடத்தின் கீழே இருக்கும் குறிதான் முதல் படி. வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1985 ரூபாயில் 'எச்' எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் ஹீட்டன் குடும்பம் தொடங்கிய நாணயச் சாலை அடித்தது. பெரிய விலை வராது, ஆனால் கண் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். 1943லிருந்து வந்த அந்தக் காசில் கிரீடம் சில வகைகளில் சப்பையாகவும் சிலவற்றில் உருண்டையாகவும் சிலவற்றில் உயரமாகவும் இருக்கும். எங்கள் அக்கா மகள் பத்து வயதில் இருபது காலணாவை அரை மணி நேரத்தில் சரியாகப் பிரித்துவிட்டாள்.

இப்போது பையில் 23 காசு, ஒவ்வொன்றும் தனி உறையில். உறையின் மேல் பென்சிலால் எடை, வகை, எங்கே சந்தேகம் என்று எழுதியிருக்கிறேன். பற்றாசு ஒட்டிய அந்த 1862 தனியாக ஓர் உறையில் இருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் அதைக் கொடுத்து, எத்தனை புள்ளி என்று கேட்பேன். சாமிக்கு வைத்த இரண்டும் பூஜை அறைச் சம்புடத்திலேயே இருக்கின்றன. இரண்டும் பிரிந்த எழுத்து. ஒன்றில் 35. இன்னொன்றில் விபூதி படிந்து வளையம் பாதி மூடியிருக்கிறது, அதை எடுத்துத் துடைத்து எண்ண எனக்குக் கை வரவில்லை.